உடன்குடிக்கு ஒரு ரயில்

"மாமா, உடன்குடிக்கு ரயில் போகுமா?"

திருநெல்வேலி ஜங்ஷனில் திருச்செந்தூர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நம்முடைய மருமகப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி இது. பையனுக்கு வயது பத்து. சில மாதங்களுக்கு முன்னால் சென்னைத் தீவுத் திடல் பொருட்காட்சிக்கு அவனை அழைத்துப் போயிருந்தோம். அங்கே ரயில்வேக்காரர்களின் அரங்கில் சின்னஞ்சிறு ரயில் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடிக் கொண்டிருந்தது. அதைக் கண்டதும் பையன் நின்றவன் நின்றவன்தான். ஒரு மணி நேரம் கழித்து அவனை அந்த இடத்திலிருந்து கிளப்புவதற்கு ஒரு டில்லி அப்பளமும் ஒரு பஞ்சு மிட்டாயும் லஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று பிடித்த ரயில் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

"போகாது, அப்பா! ரயில் திருச்செந்தூரோடு சரி. அதற்கப்புறம் பஸ்தான்" என்று சொன்னோம்.

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பது அன்று மத்தியானமே தெரிந்து போயிற்று.

நாம் உடன்குடிக்குப் புறப்பட்ட காரணம் கருப்பட்டி. சித்திரை மாதம், பதநீர் இறங்கும் பருவம். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டியை அது காய்ச்சப்படும் ஊரிலேயே வாங்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. உத்தரவை நிறைவேற்றும் சாக்கில் ஒரு பிரயாணமும் ஆயிற்று.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-ம் வருஷத்தில் ரயில் பாதை போட்டார்கள். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார் திருநகரி என்று ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக் கொண்டே போனால் அதுவே ஒரு ஸ்தல யாத்திரை மாதிரி இருக்கும். வழியெல்லாம் தாமிரபரணியின் தயவு. வயல் முடிந்தால் வாழை. வாழை முடிந்தால் மறுபடியும் வயல். ஆனால் நாசரேத்தும் குரும்பூரும் தாண்டிய பிறகு காட்சி மெள்ள மெள்ள மாறுகிறது. வாழை விலகிப் பனை வருகிறது. ஆறுமுகநேரியில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். தாமிரபரணித் தாய் தன் சீதனத்தையெல்லாம் மேற்கே உள்ள மூத்த பெண்களுக்குக் கொடுத்து விட்டு, இந்தக் கடைக்குட்டிக்குச் செம்மணல் தேரியையும் பனை மரத்தையும் மட்டும் வைத்து விட்டாளோ என்று தோன்றுகிறது. ஆனால் கடைக்குட்டிகள் கெட்டிக்காரர்களாக இருப்பது உலக வழக்கம் அல்லவா? அந்தப் பனையிலிருந்தே இவ்வூர்க்காரர்கள் சர்க்கரை எடுத்தார்கள்.

திருச்செந்தூரில் முருகப் பெருமானைத் தரிசித்து விட்டுப் பஸ் ஏறினோம். கடலோரமாகவே பாதை போகிறது. கல்லாமொழிப் பக்கத்தில் அனல் மின் நிலையத்தின் கட்டடங்கள் தெரிகின்றன. அடுத்து, முத்தாரம்மன் கோயில் கொண்டிருக்கும் குலசேகரன்பட்டினம். 1942-ம் வருஷப் போராட்டத்தில் இவ்வூர் உப்பளத்தின் பெயர் தேசம் முழுதும் அடிபட்டது. இப்போது இன்னொரு காரணத்துக்காக அடிபடுகிறது. இங்கே ராக்கெட் தளம் அமைப்பதற்கு 2024-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். பையன் ஜன்னல் வழியே தலையை நீட்டி ராக்கெட்டைத் தேடினான். பனை மரங்கள்தான் தெரிந்தன. பஸ் மேற்கே திரும்பிச் சிறிது நேரத்தில் உடன்குடியில் நம்மை இறக்கி விட்டது.

கடை வீதியில் காலடி வைத்தவுடனேயே கருப்பட்டி வாசனை வரவேற்றது. ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பிக்குச் சொன்னோம். பையனுக்குப் பனை ஓலைப் பட்டையில் பதநீர் கிடைத்தது. அவன் பட்டையிலிருந்து வாயை எடுக்காமலே, "இந்த ஊரில் ரயிலே கிடையாதாமே!" என்று குறைப்பட்டுக் கொண்டான்.

எதிர் பெஞ்சியில் இருந்த பெரியவர் ஒருவர் காதில் அது விழுந்தது. எண்பது பிராயம் இருக்கலாம்.

"யாரு சொன்னா, பேரப்பிள்ள? உடன்குடில ரயிலு ஓடிச்சே!" என்றார்.

பையன் பட்டையைக் கீழே வைத்து விட்டான்.

"நான் பார்க்கல. நான் பொறக்க முன்னாலயே அது நின்னு போச்சு. எங்கப்பா அதுல ஏறித் திருச்செந்தூருக்குப் போயிருக்காவ. ஓடுத ரயில்லருந்து குதிச்சு, ஒரு பட்டை பதநீரு குடிச்சிட்டு, மறுபடி ஓடிப் போயி ஏறிக்கிடலாமாம். அம்புட்டு வேகம்!"

இது சிறு ரயில் ஓடிய எல்லா ஊர்களிலும் சொல்லுகிற கதைதான். ஆனால் கதை சொல்ல அங்கே ஒரு ரயில் ஓடியிருக்க வேண்டும் அல்லவா?

"தாத்தா, எஞ்சின் எப்படி இருக்கும்?" என்று பையன் கேட்டான்.

பெரியவர் சற்று யோசித்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்துக் காட்டினார்.

"எங்கப்பாகிட்ட நானும் இதைத்தான் கேட்டேன். அவிய இப்படிக் கையை விரிச்சுக் காட்டினாவ. அவ்வளவுதாம்ல எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ரயிலைப் பற்றிப் பின்னர் விசாரித்து அறிந்ததை இங்கே சொல்லி விடுகிறோம். அதன் பெயர் குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே. சென்னைப் பாரி கம்பெனியாரின் நிர்வாகத்தில் இருந்த கிழக்கிந்திய டிஸ்டிலரீஸ், சர்க்கரை ஆலைக் கம்பெனிக்குக் குலசேகரன்பட்டினத்தில் ஓர் ஆலை இருந்தது. சுற்று வட்டாரத்துப் பனங்கருப்பட்டியை வாங்கிச் சுத்திகரித்துச் சர்க்கரையாக்குவது அதன் தொழில். கருப்பட்டியோ தேரி மணலுக்குள் சிதறிக் கிடந்த கிராமங்களில் இருந்தது. மணலில் மாட்டு வண்டிச் சக்கரம் புதைந்து விடும். ஆகவே முதல் உலக மகா யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் இரண்டடி அகலத்தில் குறுகிய தண்டவாளம் போட்டார்கள். திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உடன்குடி, திசையன்விளை என்று அந்தப் பாதை நீண்டது. கருப்பட்டிச் சிப்பத்தோடு ஜனங்களும் பிரயாணம் செய்தார்கள். 1940-ம் வருஷத்தில் ரயில் நின்று விட்டது. ஊருக்காகப் போட்ட ரயில் அல்ல, ஆலைக்காகப் போட்ட ரயில். ஆகையால் ஆலையின் வரவு செலவுக் கணக்கே அதற்கு ஆயுள் கணக்காகவும் இருந்தது.

காப்பிக் கடையிலிருந்து எழுந்து ஊரைச் சுற்றி வந்தோம். பெரியவர் கை காட்டிய திக்கில் நடந்தோம். வீடுகள், கடைகள், உடை மரங்கள், பனைகள் எல்லாம் இருந்தன. தண்டவாளம் என்று சொல்லத்தக்க ஒரு துண்டு இரும்புகூட நம் கண்ணில் படவில்லை.

பையன் சிறிது நேரம் மௌனமாக நடந்து வந்தான். பிறகு, "மாமா, பொருட்காட்சியில் இருந்த மாதிரி சின்ன ரயிலாக இந்த ரயிலைச் செய்து இங்கேயே வைக்கலாமே!" என்றான்.

நாம் திடுக்கிட்டு நின்றோம். ஏனென்றால், மாதிரி ரயில் கண்காட்சி நடத்துவதில் நமக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. அவ்வளவு பெருமையான அனுபவம் அல்ல.

சில வருஷங்களுக்கு முன்னால் நாமும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு சிறு நகரத்தில் மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வெளிநாட்டிலிருந்து தருவித்த எஞ்சின், அட்டையால் மலை, மலை மேல் பஞ்சினால் பனி, சிவப்புக் கூரை போட்ட வீடுகள். 'மாபெரும் மாதிரி ரயில் கண்காட்சி' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். முதல் நாள் வந்தவர்கள் யார் என்றால், சிநேகிதர் ஒருவரின் மாமனார் வீட்டார், மண்டபத்துக் காவல்காரர், மழைக்கு ஒதுங்கிய இருவர். வந்த ஒரு பாட்டியம்மாள், "இது எந்த ஊர்?" என்று கேட்டாள். "சுவிட்ஸர்லாந்து" என்றோம். "அப்படியா, சந்தோஷம்!" என்று சொல்லி விட்டுப் போய் விட்டாள்.

மூன்றாம் நாள் சிநேகிதரின் பெண் குழந்தை, சும்மா இருக்க மாட்டாமல், அட்டையில் ஒரு ரயில்வே கேட் செய்தாள். கேட்டுக்கு முன்னால் களிமண் மாட்டு வண்டி ஒன்றை நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. கடையின் மேல் அந்த ஊர்க் கேட்டை ஒட்டி உண்மையிலேயே இருக்கும் கடையின் பெயர். அன்று சாயங்காலம் வந்த ஒரு பையன் அதைப் பார்த்து, "ஏய், இது நம்ம கேட்டுடா!" என்று கத்தினான். மறு நாள் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. தேநீர்க் கடைக்காரரே குடும்பத்தோடு வந்தார். மலையையும் பனியையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று நாம் கற்ற பாடம் இதுதான்: எஞ்சினின் விலையைப் பார்த்து ஜனங்கள் வருவதில்லை, தங்கள் ஊரைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

பெரிய இடங்களிலும் இதுவே நியதியாக இருக்கிறது. லண்டனில் 1910-ம் வருஷத்திலேயே மாதிரி ரயில் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். இன்று உலகிலேயே பெரிய மாதிரி ரயில் காட்சி ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறது. பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-ம் வருஷத்தில் அதைத் திறந்தார்கள். உண்மை அளவில் 87-ல் ஒரு பங்கு. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்க்கிறார்களாம். அங்கே ஆல்ப்ஸ் மலை இருக்கிறது, அமெரிக்கா இருக்கிறது. ஆனால் ஹாம்பர்க் நகரத்தையே சிறிதாக்கி அதே காட்சிக்குள் வைப்பதற்கு அவர்கள் மறக்கவில்லை. பார்வையாளர்கள் தாங்களே அமுக்குவதற்குப் பொத்தான்களும் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் எங்கேயோ ஒரு சிறு மனிதன் அசைகிறான்.

நம் தேசத்தில் குவாலியர் மகாராஜாவின் அரண்மனையில் வெள்ளியில் செய்த சிறு ரயில் ஒன்று உண்டு. விருந்து மேஜை மேல் ஓடி விருந்தாளிகளுக்குச் சுருட்டும் மதுவும் பரிமாறுவது அதன் உத்தியோகம். அது மகாராஜா ரயில். ஜனங்களின் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் புனாவுக்குப் போக வேண்டும். பாவு ஜோஷி என்பவர் வாழ்நாளெல்லாம் ஆசையோடு சேர்த்தும் செய்தும் வைத்த சிறு ரயில்களைக் கொண்டு, கோத்ரூட் பகுதியில் 1998-ம் வருஷம் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. அங்கே விளக்குகளை அணைத்து நகரத்துக்கு இரவு வரச் செய்கிறார்கள். இருட்டில் சிறு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளி விடும்போது, குழந்தைகள் மட்டுமல்ல, குழந்தைகளை அழைத்து வந்தவர்களும் வாயைப் பிளக்கிறார்கள். ஒரு தனி மனிதரின் ஆசை இவ்வளவு செய்யுமானால், ஓர் ஊரின் ஆசை என்னதான் செய்யாது?

உடன்குடியில் ஒரு கண்காட்சி வைப்பதானால் எப்படி வைக்கலாம்? திரும்பி வரும் வழியெல்லாம் நாமும் மருமகப் பிள்ளையும் இதையே விவாதித்தோம். நேயர்களுக்கும் அதைச் சொல்லுகிறோம்.

முதலில் அளவு. 76-ல் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். அந்த அளவில் இரண்டடித் தண்டவாளம் 8 மில்லி மீட்டர் ஆகிறது. கடையில் 9 மில்லி மீட்டர் அகலத்தில் தயாராகக் கிடைக்கும் பாதையை வாங்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இங்கிலாந்திலும் குறுகிய ரயில் பிரியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அறுபதடிப் பனை மரம் சுமார் 24 சென்டி மீட்டர் உயரம் நிற்கும். மரமேறும் மனிதர் இரண்டு சென்டி மீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் ஒரு மைல் பாதையை இந்தக் கணக்கில் போட்டால் ஏறக்குறைய எழுபதடி நீளம் வந்து விடும்! எந்தக் கல்யாண மண்டபம் தாங்கும்? ஆகையால் பாதை முழுவதையும் வைக்க ஆசைப்படக் கூடாது. நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, நடுவில் உள்ளதைத் தேரி மணலால் மறைத்து விட வேண்டியதுதான். மணலுக்கு இங்கே பஞ்சமில்லை.

எந்த நான்கு இடங்கள்? ஸ்டேஷனும் ஆலையும் இரண்டு. செந்தூர்க் கடற்கரை மூன்றாவது. நான்காவது இடமே முக்கியமானது என்று நமக்குத் தோன்றுகிறது. அது பனந்தோப்பு. தளைநாரைக் காலில் மாட்டி, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி, காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறவரை அங்கே காட்ட வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயம் பாளையில் தொங்க வேண்டும். தோப்புக்கு நடுவே விடிலி. விடிலிக்குள் அடுப்புப் புகையில் கண் எரியப் பதநீர் காய்ச்சும் பெண்மணி. பதமான பாகை ஊற்றுவதற்கு வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகள். பொத்தானை அமுக்கினால் விடிலி அடுப்பில் சிவப்பு விளக்கு எரியட்டும். ரயில் சுமந்தது இவர்கள் உழைப்பைத்தான். எஞ்சினைக் காட்டி இவர்களைக் காட்டாமல் விட்டால் அந்தக் கண்காட்சி பாதிக் கண்காட்சிதான்.

அடுத்தது காலம். உடன்குடிப் பக்கத்தில் கூட்டம் என்றால் குலசை தசராக் கூட்டம்தான். முத்தாரம்மனுக்கு விரதமிருந்து காளி, குறவன், ராஜா, குரங்கு என்று வேஷம் பூண்ட பக்தர்கள் ஊர் ஊராக வருவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம், ஜன சமுத்திரம். அன்று கண்காட்சியைத் திறந்தால் மேஜை மிஞ்சாது. தசராவின் முதல் சில நாட்களில் திறந்து, எட்டாம் நாளே மூடி விட வேண்டும். தசராக் குழுவினர் வேஷத்தோடு உள்ளே வந்து பார்க்கட்டும். அதற்கு மிஞ்சிய விளம்பரம் ஏது? இன்னொரு சமயம் சித்திரை, வைகாசி. பள்ளிக்கூட விடுமுறை, வெளியூர்களில் தொழில் செய்யும் உடன்குடிக்காரர்கள் குழந்தைகளுடன் ஊருக்கு வருகிற காலம், பதநீரும் இறங்குகிறது. கண்காட்சியைப் பார்த்து வெளியே வருகிறவருக்கு வாசலில் ஒரு பட்டை பதநீர் கொடுத்தால், போகிற இடமெல்லாம் அவர் நம் கண்காட்சியின் புகழைப் பாடுவார்.

மூன்றாவது, டிக்கெட். இப்போது ரயில் டிக்கெட் கைப்பேசிக்குள் போய் விட்டது. ஒரு காலத்தில் தடித்த சிறு அட்டையில் டிக்கெட் இருக்கும். ஜன்னலில் கொடுக்கும்போது 'டக்' என்று தேதி குத்துவார்கள். உள்ளே போகும்போது ஓரத்தில் ஓட்டை போடுவார்கள். கண்காட்சிக்கு அதே மாதிரி அட்டை டிக்கெட் அச்சடிக்க வேண்டும். 'உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம்' என்று அதில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு இலவசம். ஆனால் டிக்கெட் மட்டும் அவசியம் கொடுக்க வேண்டும். குழந்தைகள் அதை வீட்டுக்குக் கொண்டு போவார்கள், அடுத்த வீட்டுக் குழந்தை, "எனக்கு?" என்று கேட்கும். ஆயிரம் நோட்டீஸ் செய்யாத வேலையை அந்த அட்டை செய்து விடும்.

நான்காவது, ஓட்டம். மாதிரி ரயில் கண்காட்சியில் ஜனங்கள் மன்னிக்காத குற்றம் ஒன்று உண்டு: ரயில் நின்று போவது. "இப்போதுதான் ஓடிக் கொண்டிருந்தது" என்கிற பதிலை ஒருவரும் ஏற்பதில்லை. உடன்குடியில் கடற்காற்றும் தேரி மணலும் சேர்ந்து தண்டவாளத்தின் மேல் படியும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தூசி புகுந்தால் மின்சாரம் போகாது. காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை தண்டவாளத்தைத் துடைத்தே ஆக வேண்டும். மாற்று எஞ்சின் ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இவை 12 வோல்ட்டில் ஓடுகிறவை. ஆதலால் மின்சாரம் நின்றால் ஒரு பாட்டரியைக் கொண்டு சமாளிக்கலாம். வண்டி ஓட்ட இருவர், விளக்கிச் சொல்ல ஒருவர், வாசலில் ஒருவர் என்று முறை வைத்துக் கொள்ள வேண்டும். விளக்கிச் சொல்லுகிறவர் இவ்வூர்ப் பள்ளி மாணவர்களாகவே இருந்தால் ரொம்ப நல்லது. மேஜை குழந்தைகளின் மார்பு உயரத்துக்கு மேற்படக் கூடாது. அகலமான படி ஒன்று போட்டு விட்டால், அப்பாமார்களின் தோள்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

இவ்வளவும் யோசித்த பிறகு ஒரு பெரிய சங்கடம் குறுக்கே வந்தது. "மாமா, எஞ்சினை எப்படிச் செய்வது? அது எப்படி இருந்தது என்று தாத்தாவுக்கே தெரியவில்லையே?" என்று பையன் கேட்டான்.

அந்தச் சங்கடத்திலேதான் விஷயம் இருக்கிறது. அந்த ரயில் நின்ற 1940-ம் வருஷத்தில் அதன் பின்னால் ஓடிய பத்து வயதுச் சிறுவர் ஒருவர் இருந்தால், அவர் இன்று தொண்ணூற்றைந்தை எட்டியிருப்பார். இன்னும் சில வருஷங்கள் போனால், கையை விரித்துக் காட்டவும் ஆள் இருக்காது.

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி ஐந்தாறு வருஷங்களுக்குள் மறைந்து போயிற்று. ஆனால் 'காலியா' என்ற கப்பலின் பெயர் நம் குழந்தைகளுக்குத் தெரியும். ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மீசை வரைந்து கொண்டு, அட்டைக் கப்பல் ஒன்றைச் சுமந்து மேடை ஏறுகிறான் அல்லவா? அந்த அட்டைக் கப்பலும் ஒரு மாதிரிக் கப்பல்தான். கடலில் போன கப்பலைவிட அது அதிக காலம் ஓடி விட்டது.

குலசேகரன்பட்டினத்து ரயில் சுதேசி ரயில் அல்ல. அதை நடத்தியது வெள்ளைக்காரக் கம்பெனி. ஆனால் அதில் போன கருப்பட்டி நம்முடையது. பாதைக்கு மண் சுமந்த கை நம்முடையது; ஏறி உட்கார்ந்து செந்தூர்க் காவடிக்குப் போன ஜனங்கள் நம்மவர்கள். நடத்தியவர்களின் கணக்குப் புத்தகத்தை எதிர்பார்த்துக் கொண்டிராமல், பிரயாணம் செய்தவர்களின் ஞாபகத்தைச் சேர்த்து வைக்க வேண்டியது ஊராரின் பொறுப்பு.

ஆகையால் நம்முடைய யோசனை இது. முதல் வருஷக் கண்காட்சியில் பனந்தோப்பு இருக்கட்டும். விடிலியும் தண்டவாளமும் இருக்கட்டும். கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிய திறந்த வண்டிகளும் இருக்கட்டும். வண்டிகளை இழுத்துப் போவதற்குக் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு சிறு எஞ்சினைக் கட்டி விடலாம். ஆனால் ஸ்டேஷனில், அசல் எஞ்சின் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தின் மேல் ஒரு விளக்கும், ஒரு பலகையும். பலகையில், 'இங்கே நின்ற எஞ்சின் எப்படி இருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதி வைக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு மேஜை. மேஜை அருகில் பொறுமைசாலியான ஒருவர், நோட்டுப் புத்தகத்துடன். வீட்டுப் பெட்டியடியில் கிடக்கும் பழைய புகைப்படமோ, டிக்கெட்டோ, சிப்பச் சீட்டோ கொண்டு வருகிறவர்களிடம் அங்கேயே அதைப் படம் பிடித்துக் கொண்டு அசலை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து விட வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி சொன்னால் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். அப்பா சொன்னது, தாத்தா சொன்னது எல்லாம் வரட்டும். ஒன்றுக்கொன்று முரணாக வந்தாலும் பாதகமில்லை. அடுத்த வருஷம் வருகிறவர்கள், காலி இடம் நிரம்பியதா என்று பார்ப்பதற்காகவே வருவார்கள். தாங்கள் சொன்ன அடையாளம் எஞ்சினில் இருக்கிறதா என்று தேடுவார்கள். அப்படித் தேடுகிறவர் பார்வையாளர் அல்ல; கண்காட்சியை நடத்துகிறவர்களில் அவரும் ஒருவர். அதைவிடக் கூட்டம் சேர்க்கும் வழி நமக்குத் தெரியவில்லை.

இதற்கு லட்சக் கணக்கில் பணம் வேண்டாம். ஒரு பள்ளிக்கூட ஹால், தச்சர் ஒருவர், எலெக்ட்ரிக் வேலை தெரிந்த இளைஞர் ஒருவர், பனை ஓலையில் கைவேலை செய்கிற பெண்கள் சிலர், விடுமுறையில் வீட்டைத் தலைகீழாக்கிக் கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியர் இருபது பேர், இவ்வளவு போதும். மாதிரிப் பனை மரம் செய்ய உடன்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நாளை குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட் கிளம்பும்போது, அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அண்ணாந்து பார்த்து விட்டு உடனே திரும்பிப் போகாமல், பக்கத்து ஊருக்கும் வந்து, குனிந்து ஒரு சிறு ரயிலையும் பார்த்து விட்டுப் போகட்டுமே!

அன்று மாலை பஸ் ஏறுவதற்கு முன்னால் கருப்பட்டி வாங்கிக் கொண்டு அந்தக் காப்பிக் கடைக்கு மறுபடியும் போனோம். பெரியவர் அதே பெஞ்சியில் இருந்தார். பையன் தன் யோசனையை மூச்சு விடாமல் அவரிடம் ஒப்பித்தான். அவர் கேட்டு விட்டுச் சிரித்தார்.

"செய்யி, பேரப்பிள்ள. எங்க சித்தி மவன் ஒருத்தரு திசையன்விளைல இருக்காவ. என்னைய விட மூப்பு. அவியளுக்கு ஞாபகம் இருக்கும். நான் கேட்டு வைக்கேன்" என்றார்.

திருச்செந்தூரிலிருந்து ரயில் புறப்பட்டபோது நன்றாக இருட்டி விட்டது. பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த ஓர் அம்மாள், "எந்த ஊருக்குப் போய் விட்டு வருகிறாய், தம்பி?" என்று அவனை விசாரித்தாள்.

"உடன்குடிக்கு. அங்கே ஒரு ரயில் இருந்தது, தெரியுமா?" என்றான்.

"அப்படியா? எவ்வளவு பெரிய ரயில்?"

பையன் தன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்துக் காட்டினான்.